ஆடு மேய்த்தவனின் சித்தி

குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டத்து நடுவில் இருக்கும் சித்தி வீட்டுத் திண்ணையில் இரண்டு வருடங்களுக்கு முன்பு கேட்ட ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ என்ற மாயப் புனைவு வரிசையில் முதல் நாவலைப் படித்து முடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தவர், “மக்களே, இந்தப் பையனுக்கு முதல் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவனுடைய சித்திதானே? அவள் எங்கே போனாள்?” என்று கேட்டார். “அவள் சின்னப் பாத்திரம் சித்தி, கதை அவளைப் பற்றியது இல்லை” என்று சொன்னேன். அதற்கு மேல் சித்தி ஒன்றும் பேசவில்லை. கட்டன் சாயா போட உள்ளே போய்விட்டார். நான் சொன்ன பதில் தவறு என்று அன்றைக்கே மனதில் பட்டது. ஏன் தவறு என்பது பிடிபடத்தான் நாளாயிற்று.

சித்தி 32 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். முதலில் டெல்லி, பிறகு குவைத். இரவுப் பணியில் வார்டு அடங்கிய பிறகு கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாசித்தே வளர்ந்தவர். துப்பறியும் கதை, ரஷ்ய நாவல், மலையாள வாரப் பத்திரிகைத் தொடர், கையில் எது அகப்பட்டாலும் விடமாட்டார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, இதுவரை தொடாத வகை ஏதாவது கொடு என்று என்னிடம் கேட்டார். நான் மாயப் புனைவைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மந்திரம் இருக்கட்டும். ஆனால் கதாநாயகன் மாட்டிக்கொண்ட நேரத்தில் கையைத் தூக்கியதும் வழி திறந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட கதை எனக்கு வேண்டாம்.”

நிறைய வாசித்தவர்களுக்கு நூல் பரிந்துரைப்பது பொறுப்பான காரியம். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு எதைக் கொடுத்தாலும் அது ஒரு திறப்புதான். ஆயிரம் கதையைக் கடந்தவருக்கோ நாம் கொடுக்கும் ஒரு நூல், நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுத்துவிடும். என்னுடைய அளவுகோல் அப்போது மிகத் தெளிவாக இருந்தது. மந்திரத்துக்கு விதி வேண்டும். வரம்பு வேண்டும். விலை வேண்டும். இந்த மூன்றும் புதுமையாக அமைந்த தொடர்தான் நல்ல தொடர் என்று நம்பினேன்.

காசும் இரும்பும்

அதனால் முதலில் கொடுத்தது பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’. 2006, 2007, 2008 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்த மூன்று நாவல்கள். அந்த உலகத்தில் சிலர் உலோகத் துகளைக் குடித்து, வயிற்றுக்குள் அதை ‘எரித்து’ ஆற்றல் பெறுகிறார்கள். எஃகு உலோகங்களைத் தள்ளும், இரும்பு இழுக்கும், தகரம் புலன்களைக் கூர்மையாக்கும், பித்தளை அடுத்தவர் மனக் கொதிப்பைத் தணிக்கும். திண்ணையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்து நான் விளக்கினேன். தள்ளுவதற்கு அவரவர் உடல் எடைதான் கணக்கு. காசைத் தள்ளினால் அது பறக்கும். அதே காசு தரையில் முட்டி நின்றுவிட்டால், தள்ளுகிறவர் மேலே எழும்புவார். பெரிய இரும்புக் கதவைத் தள்ளினால் நாம்தான் பின்னால் போய் விழ வேண்டும். நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்த கைக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போயிற்று.

சாண்டர்சன் 2007இல் ஒரு கட்டுரையில், மந்திரத்தால் ஒரு சிக்கலைத் தீர்க்கும் உரிமை, அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் எழுத்தாளருக்கு உண்டு என்று எழுதினார். இன்று அதை அவருடைய முதல் விதி என்று சொல்கிறார்கள். அதைச் சித்தியிடம் சொன்னபோது, “இது நீலி கதையில் உள்ளதுதானே?” என்றார். உண்மைதான். நாகர்கோவிலில் பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையை ஆச்சி எங்களுக்குச் சொன்ன விதத்தில், அவள் பழிவாங்க வந்த செட்டியின் கையில் இரும்பு இருக்கும் வரை நீலி அவனைத் தொட முடியாது. அது நமக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாது. அவள் கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் புருஷன் கையில் ஆயுதத்தோடு நிற்கிறான், எனக்குப் பயமாக இருக்கிறது, வாங்கி வைத்துவிடுங்கள் என்று அழுகிறாள். அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் அதை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நாங்கள் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொள்வோம். விதி முன்பே தெரிந்ததால் வந்த பயம் அது. வில்லுப்பாட்டுப் பாடுகிறவர்கள் அறிந்து வைத்திருந்த நுட்பத்தை நான் அமெரிக்கக் கட்டுரையில் படித்து வியந்திருந்தேன்.

மூன்று நாவலையும் ஒன்பது நாளில் முடித்துவிட்டுப் போன் செய்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, வின் என்ற அந்தத் தெருவில் வளர்ந்த பெண்ணைப் பற்றி மட்டும் பேசினார். தன்னிடம் இருப்பது இன்னதென்றே அவளுக்குத் தெரியாது. குடிக்கும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்த துளி உலோகத்தை வைத்து அடுத்தவர் கோபத்தைத் தணித்துப் பிழைத்து வந்தாள், அதற்கு அதிர்ஷ்டம் என்று தானே ஒரு பெயரும் வைத்திருந்தாள். “சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனை வருடம் போயிற்று பார்” என்றார். நான் ‘உம்’ கொட்டிவிட்டு, தள்ளுவதையும் இழுப்பதையும் பற்றிப் பேசப் போய்விட்டேன். அன்று அந்த வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

மழை நாளில் ஒரு மந்திரவாதி

இரண்டாவதாகக் கொடுத்ததுதான் ‘எர்த்சீ’. முதல் நாவல் 1968இல் வந்தது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவருக்கு அதன் மேல் ஆளுகை உண்டு. தன் மெய்ப்பெயரை ஒருவரிடம் சொல்வது உயிரைக் கையில் கொடுப்பதற்குச் சமம். ஒன்றை மாற்றினால் இன்னொன்றின் நிலை குலையும் என்பதால், தேர்ந்தவர்கள் மந்திரத்தைத் தொடவே தயங்குவார்கள். சித்தி படித்தது ஆனி மாத மழையில். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பால் பிடிக்கும் சிரட்டைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. புகைப்புரையில் ரப்பர் ஷீட் காயாமல் ஒரு புளித்த வாடை வீடு முழுக்க நிறைந்திருந்தது. அந்த நாவலில் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி, மழையை விலக்கத் தெரிந்தும் விலக்காமல் மரத்தடியில் படுத்து நனைகிறார். கூட இருக்கும் இளம் சீடனுக்கு எரிச்சல் வருகிறது. இதைப் படித்துவிட்டுச் சித்தி, “அப்பா இப்படித்தான்” என்றார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

கதையை நினைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தாயில்லாப் பையன் ஆடு மேய்க்கிறான். செத்துப்போன அம்மாவின் சகோதரி அந்த ஊர் மந்திரக்காரி. அவள் வாயில் கேட்ட ஒரு பாட்டை, பொருள் தெரியாமல் அவன் ஆடுகளைப் பார்த்துச் சொல்ல, அத்தனை ஆடும் வந்து அவனை நெருக்கிச் சூழ்ந்துகொள்கின்றன. விலக்கத் தெரியாமல் அவன் அழுதுகொண்டே ஊருக்குள் ஓடி வருகிறான். அவள்தான் ஆடுகளைக் கலைத்துவிடுகிறாள். அவனிடம் உள்ளதை முதலில் கண்டுகொண்டவளும் அவள்தான். தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். பிறகு ஓகியன் வருகிறார், பையன் கிளம்பிப் போகிறான், ரோக் தீவில் பெரிய பள்ளியில் சேர்கிறான். அங்கே ஆசிரியர்கள் ஆண்கள், மாணவர்களும் ஆண்கள். ஊரில் பெண்களின் மந்திரத்தை வலுவற்றது, கெட்டது என்று இழித்துப் பேசும் பழமொழியே இருக்கிறது. நான் இருபது வயதில் அந்த நாவலைப் படித்தபோது அந்தப் பழமொழியை அந்த உலகத்தின் இயற்கை என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தேன். தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும், பெண்ணின் மந்திரம் சிறியது. இரண்டும் எனக்கு ஒரே வகை விதியாகத் தெரிந்தன.

சாத்திய கதவு

அந்த வருடம் தை மாதம் மாமாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, சித்தி வீட்டில் காயத்திருமேனி எண்ணெய் காய்ச்சினார்கள். விறகு எடுத்துக் கொடுக்கவும் கிளறவும் நான் போயிருந்தேன். காலையில் ஏற்றிய உருளி மதியம் தாண்டியும் இறங்கவில்லை. சாறு வற்றி எண்ணெய் தெளியத் தொடங்கியதும் சித்தி என்னை விலகச் சொல்லிவிட்டு, துடுப்பின் நுனியில் ஒட்டிய வண்டலைக் கிள்ளி எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். அது திரியாக நீண்டது. “மெழுகு பதம். இன்னும் போக வேண்டும்” என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். இந்த முறை விரலில் நறநறத்து உதிர்ந்தது. ஒரு துளியை எரியும் கொள்ளியில் விட்டார். சடசடக்கவில்லை. ஈரம் இல்லை என்று பொருள். இறக்கச் சொன்னார்.

இதையெல்லாம் பாட்டா சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டேன். என் பாட்டா, சித்தியின் அப்பா, உடலின் வர்ம இடங்களை அறிந்து வைத்தியம் பார்த்த ஆசான். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். உருளியைத் துணியால் மூடியபடி சித்தி சொன்னார்: “எண்ணெய் சொல்லிக்கொடுத்தார். மருந்து பறிக்க, அரைக்க, பிழிய எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வர்மம் 108. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எண்ணிக்கை எனக்குத் தெரியும். இடம் தெரியாது.”

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டா மாமாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். தட்டுகிற இடத்தைச் சொல்லும் முன்னால் அதை இளக்குகிற முறையைத்தான் சொல்லுவார் என்பது, மாமா ஒருமுறை வாய் தவறிச் சொன்னதால் சித்திக்குத் தெரியும். வெளியே அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். 12 வருடம் ஆசானோடு கிடந்தால்தான் முழுதும் கைக்கு வரும் என்பது பாட்டாவின் கணக்கு. மாமா நாலு வருடம் கற்றுவிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். பாட்டாவோடு அது முடிந்தது. “நர்சிங் படிக்கும்போது உடற்கூறு வகுப்பில் நரம்புப் படம் மாட்டுவார்கள். அப்பா கையை எங்கே வைத்தார், இங்கேயா அங்கேயா என்று அதில் தேடிக்கொண்டே இருந்தேன். மூன்று வருடமும் தேடினேன் மக்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உருளியின் காதில் வழிந்த எண்ணெயை விரலால் வழித்துத் தன் கணுக்காலில் தேய்த்துக்கொண்டார்.

ஆடு மேய்த்தவனின் சித்தி எங்கே போனாள் என்று அவர் ஏன் கேட்டார் என்பது அந்த அடுப்படியில்தான் எனக்கு விளங்கியது.

18 வருட இடைவெளி

அன்றிரவு நாகர்கோவிலுக்குத் திரும்பியதும் அலமாரியில் இருந்த ‘எர்த்சீ’யின் நான்காம் நாவலை எடுத்தேன். அதை வாங்கி வைத்துப் பல வருடம் ஆகியும் படித்திருக்கவில்லை. முதல் மூன்றோடு கதை முடிந்துவிட்டது, நான்காவதில் மந்திரமே இல்லை என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். சித்திக்கும் முதல் மூன்றை மட்டுமே கொடுப்பதாக இருந்தேன். மூன்றாம் நாவல் 1972இல் வந்தது, நான்காவதான ‘டெஹானு’ 1990இல். நடுவில் 18 வருடம். அதில் பெரிய மந்திரவாதி ஆற்றலை எல்லாம் இழந்து வெறும் ஆளாக ஊர் திரும்புகிறான். கதை நடப்பது ஒரு விதவையைச் சுற்றி. தீயில் தள்ளப்பட்டு ஒரு பக்கம் கருகிய குழந்தை ஒன்று, மோஸ் என்ற ஊர் மந்திரக்காரிக் கிழவி, பாத்திரம் கழுவுவது, ஆடு பார்ப்பது. விலகிப்போன அந்தச் சித்தியின் இடத்துக்கு லெ குவின் 18 வருடம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதோடும் அவர் விடவில்லை. 2001இல் வந்த எர்த்சீ கதைத் தொகுப்பின் முதல் கதை, ரோக் பள்ளி தோன்றிய காலத்துக்குப் போகிறது. அந்தப் பள்ளியை நிறுவியவர்களில் பெண்களும் இருந்தார்கள் என்று அதில் தெரிகிறது. அதாவது, முதல் நாவலில் நான் இயற்கை விதி என்று நினைத்துத் தாண்டியது, பிற்பாடு சிலர் கூடி எடுத்த முடிவு. மெய்ப்பெயருக்கு ஆற்றல் உண்டு என்பது அந்த உலகத்தின் விதி. பெண்ணுக்கு அது வராது என்பது பள்ளிக்கூடத்தின் விதி. இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிட்டால் வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது.

மந்திர அமைப்பு எவ்வளவு புதுமையானது என்று கேட்பதை அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. இன்னும் அது எனக்குப் பிடித்த விளையாட்டுதான். ஆனால் யாருக்காவது ஒரு தொடரைச் சொல்லும்போது இப்போது அந்த இரண்டு வகை விதியும் ஒட்டும் தையலைத் தேடுகிறேன். எந்தத் தொடர் அந்தத் தையலைத் தெரிந்தே காட்டுகிறதோ அதை முன்னால் எடுத்து வைக்கிறேன். ‘மிஸ்ட்பார்ன்’ கூட இப்போது வேறு மாதிரி தெரிகிறது. உலோகத்தைத் தள்ளுவது இழுப்பது ஒரு பக்கம். அந்த ஆற்றல் பிரபுக் குடும்பத்து ரத்தத்தில் மட்டும் நிற்க வேண்டும் என்று அடிமைப் பெண்களைக் கொன்று காவல் காப்பதும், சில உலோகங்கள் இருப்பதையே அரசு மறைத்து வைப்பதும் இன்னொரு பக்கம். சித்தி அன்றைக்குப் போனில் பேசியது இந்த இரண்டாவதைப் பற்றி.

சித்திக்கு அடுத்து கொடுத்தது

ராபர்ட் ஜாக்சன் பென்னட்டின் ‘ஃபவுண்டரிசைட்’ தொடரை (2018, 2020, 2022) இப்போது யார் கேட்டாலும் தயங்காமல் சொல்கிறேன். அதில் பொருள்களின் மேல் குறிகளைப் பொறித்து அவற்றை நம்பவைக்கிறார்கள். சமதரையில் நிற்கும் வண்டிச் சக்கரத்திடம், நீ சரிவில் இருக்கிறாய் என்று எழுதினால் போதும், அது உருண்டு போய்க்கொண்டே இருக்கும். இவ்வளவு கச்சிதமான கற்பனையை நான் அதிகம் கண்டதில்லை. அந்தக் குறிகள் நான்கு வணிகக் குடும்பங்களின் மதிலுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே இருக்கும் ஏழைகள் திருடித்தான் கற்கிறார்கள். சித்தி இதை மிகவும் ரசித்தார். சாத்திய கதவைத் திறக்கப் பார்க்கிறவர்களின் கதை என்பதாலோ என்னவோ, இரண்டாம் பாகத்தை நான் கொண்டுபோவதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

என். கே. ஜெமிசினின் ‘உடைந்த பூமி’ முத்தொகுதி, 2016 முதல் தொடர்ந்து மூன்று வருடம் அறிபுனை, மாயப் புனைவு நூல்களுக்குத் தரும் ஹ்யூகோ விருதைச் சிறந்த நாவல் பிரிவில் வென்றது. அப்படி வென்ற முதல் எழுத்தாளர் அவர். பூகம்பத்தை எழுப்பவும் அடக்கவும் வல்லவர்கள், அதற்கான ஆற்றலைச் சுற்றிலும் உள்ள வெப்பத்திலிருந்து இழுப்பதால் அவர்களைச் சூழ்ந்த இடம் உறைபனியாகிறது. உலகமே அவர்களை நம்பி நிற்கிறது, உலகமே அவர்களை வெறுக்கிறது. முதல் நாவலில் ஒரு காவலர், சிறுமி ஒருத்தி தன் ஆற்றலை அடக்கிக்கொள்கிறாளா என்று சோதிக்க அவள் கையை வேண்டுமென்றே முறிக்கும் இடம் வரும். எலும்பு கட்டும் வீட்டில் பிறந்த சித்தி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். இரண்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தார். முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு வருத்தம். அவரோ சொல்லாததே நல்லது என்றார்.

பாட்ரிக் ராத்ஃபஸின் தொடரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு பொருள்களைப் பிணைத்து ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்குக் கடத்தும் அவருடைய மந்திரம் அற்புதமானது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் மாணவனும் அதில் உண்டு. ஆனால் இரண்டாம் நாவல் வந்தது 2011இல், மூன்றாவது இன்னும் வரவில்லை. பாதியில் நின்ற படிப்பு சித்தி வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

இப்போது அவர் கையில் இருப்பது ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’, 2022இல் வந்தது. தொடர் இல்லை, தனி நாவல். 1830களின் ஆக்ஸ்ஃபோர்டில், வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கம் ஒரு மொழிச் சொல்லையும் மறுபக்கம் அதன் மொழிபெயர்ப்பையும் பொறிக்கிறார்கள். ஒரு சொல்லிலிருந்து மற்றதற்குப் போகும்போது எந்தப் பொருள் சிந்திப்போகிறதோ அது ஆற்றலாக வெளிப்படுகிறது. அதற்காகக் கிழக்கு நாடுகளிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து, அவர்களுடைய தாய்மொழியை வைத்தே பேரரசை ஓட்டுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும் கொஞ்சம் அரபும் தெரிந்த ஒரு நர்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. வெளியே மழை இரைச்சல், பாதிச் சொல்தான் கேட்டது. இளக்குமுறைக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதலாம் என்று யோசித்துப் பார்த்தாராம். ரிலீஸ் என்று போட்டால் கட்டு அவிழ்வது வருகிறது, உள்ளே வெல்லப்பாகு இளகுவது போல இளகுவது வரவில்லை என்றார். பிறகு, “அந்த ஆடு மேய்த்த பையனுக்கு அவள் ஆண்ட். வெள்ளியில் ஒரு பக்கம் ஆண்ட் என்று எழுதி மறுபக்கம் சித்தி என்று எழுதினால் என்ன சிந்தும்?” என்று கேட்டார். அம்மாவின் தங்கை, சின்ன அம்மா, இரண்டும் போய்விடும் என்றேன். “அது மட்டுமா? அட்டமாசித்தி என்கிறோமே, அந்தச் சித்தியையும் இதே எழுத்தில்தானே எழுதுகிறோம்” என்றார். என்னால் உடனே எதுவும் சொல்ல முடியவில்லை. இன்னும் நூறு பக்கம் இருக்கிறது, முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.